கைமாறும் பொருளைப் பாருங்கள்: சிறுகதையில் உறவையும் நம்பிக்கையையும் படிக்கத் தொடங்குபவருக்கு

இலங்கையின் வன்னியில், மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் கிரவல் பாதை ஒன்றின் முடிவில் எங்கள் சனசமூக நிலையம் இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரங்களில் அங்கே ஏழெட்டுப் பேர் கூடி ஒரு சிறுகதை வாசிக்கிறோம். உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு முன்பள்ளி ரீச்சர், ஒரு தையல்கார அக்கா, வயல் விதைக்கிற ஒரு ஐயா, இன்னும் வந்து போகிற சிலர். நான் கூட்டுறவுச் சங்கமொன்றில் கடன் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவன். இலக்கியப் பட்டம் ஒன்றும் கிடையாது. ஆனால் யார் யாரிடம் எதை வாங்கினார், எப்போது திருப்பினார், ஏன் திருப்பவில்லை என்று பார்ப்பதுதான் என் வாழ்நாள் தொழில். கதை வாசிக்கவும் அந்தப் பழக்கம் நன்றாகவே உதவுகிறது.

புதிதாக வருபவர்கள் முதல் நாள் சொல்வது அநேகமாக ஒரே மாதிரி இருக்கும்: “இவர் நல்லவர், அவ அன்பானவ, ரெண்டு பேருக்கும் இடையிலை நல்ல நம்பிக்கை இருக்கு.” சாதாரணதரத்தில் தமிழ் இலக்கிய நயம் படித்தவர்களுக்குப் பாத்திரப் பண்புகளை வரிசையாக எழுதிப் பழகிய கை. அது பிழை என்று சொல்லமாட்டேன். நானும் அப்படித்தான் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் ஒரு கதைக்கு நயம் எழுதும்போது “இருவரும் நட்புக்கு இலக்கணமாக விளங்குகின்றனர்” என்று எழுதிக்கொடுத்தேன். ஆசிரியர் அந்த வரியைச் சிவப்புப் பேனையால் சுற்றி, ஓரத்தில் “எந்த வரியில்?” என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தார். கதையைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். அப்படி ஒரு வரி இருக்கவில்லை. கதை முழுவதும் ஒருவன் மற்றவனிடம் சைக்கிள் கேட்கத் தயங்கிக்கொண்டே இருந்தான்.

ஆகவே தொடங்குமுன் ஒன்றை ஒத்துக்கொள்வோம். நல்ல கதையில் “நான் உன்னை நம்புகிறேன்” என்று யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் அங்கே ஏதோ கோளாறு. நம்பிக்கை வேறு இடங்களில் கிடக்கும்: கைமாறுகிற பொருளில், கூப்பிடுகிற சொல்லில், கேட்காமல் விட்ட கேள்வியில். அந்த இடங்களை எப்படித் தேடுவது என்பதுதான் இங்கே.

பயிற்சிக்கு ஒரு கதை வேண்டும். யாருடைய கதையையும் வெட்டிக் காட்டாமல், இதற்கென்றே சின்னதாக ஒன்று எழுதியிருக்கிறேன். பெரிய கதை என்று நினைக்கவேண்டாம். கத்தி தீட்டுவதற்கு ஒரு கல், அவ்வளவுதான். எங்கள் பக்கத்துச் சொற்கள் தெரியாதவர்களுக்கு: “நாகு” என்பது இன்னும் கன்று போடாத இளம் பசு. “பொட்டு” வேலியிலுள்ள ஓட்டை, “கதியால்” வேலிக்கு நடுகிற தடி. “காலபோகம்” மாரி மழையோடு விதைக்கிற போகம். “குறி” மாடு யாருடையது என்று காட்ட, காய்ச்சிய கம்பியால் அதன் தொடையில் சுடுகிற எழுத்து.

குறி

முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி மூன்றாம் நாள்தான் அம்மம்மா வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தா. கந்தையா மாமாவின் வளவில், வேப்பமரத்தடியில் எங்கள் சிவலை மாடு கட்டி நின்றது. தொடையில் அப்புவின் பெயரெழுத்து இரண்டும் அப்படியே இருந்தன. பக்கத்தில் ஒரு நாகு. அதன் தொடை வெறுமையாக இருந்தது.

கந்தையா மாமா எங்களுக்கு மூன்று மாதம் முந்தித் திரும்பியவர். எங்களைக் கண்டதும் வேலிப் பொட்டுக்குள்ளால் வந்தார். “அக்கா, மாடு உங்கடை. கட்டாக்காலியாக் காட்டுக்கை நிண்டது. கயிறு கொண்டந்து அவிட்டுக்கொண்டு போங்கோ.” நாகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“நீ சாப்பிட்டியே, கந்தையா?” என்று அம்மம்மா கேட்டா.

பின்னேரம் ஒரு கயிற்றோடு போனா. “ரெண்டு கயிறு வேண்டாமோ?” என்றேன். “கேட்டால் தருவான்” என்றா. கேட்கவில்லை.

நாகு ஒவ்வொரு நாளும் பொழுதுபடப் பொட்டுக்குள்ளால் தாயிடம் வந்துவிடும். இருட்டினபிறகு கந்தையா மாமா வந்து பிடித்துக்கொண்டு போவார். டோர்ச் அடிக்கமாட்டார். வேலிக்குப் புதுக் கதியால் போட்ட நாளிலும் அந்தப் பொட்டை மட்டும் அவர் அடைக்கவில்லை.

காலபோகம் வெட்டி முடிய, இரண்டு மூட்டை நெல்லைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு வந்து இறக்கினார். இடம்பெயர முதல் அம்மம்மாவிடம் விதைக்கு வாங்கினது. “அதுக்கு இப்ப என்ன அவசரம்” என்றா அம்மம்மா. பிறகு, “நீர் இரும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்” என்றா. அவர் இருக்கவில்லை.

பங்குனி வெயிலில் குறி சுடுகிற ஆள் ஊருக்கு வந்தார். கந்தையா மாமா என்னைக் கூப்பிட்டார். “அம்மம்மாட்டைப் போய், அப்புவின்ரை குறிக்கம்பியை நான் கேட்டனெண்டு வாங்கிக்கொண்டு வா.”

அம்மம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. சுளகு நின்றது. “எந்த மாட்டுக்காம்?”

“நான் கேக்கேல்லை.”

அவ எழும்பிப் போய், திரும்பி வந்த முதல் நாளே கிணற்றடியில் தோண்டி எடுத்த அந்தக் கம்பியைக் கொண்டுவந்தா. சேலைத் தலைப்பால் துருவைத் துடைத்தா. “அவனிட்டைக் குடு” என்றா.

கதை இவ்வளவுதான்.

முதல் வாசிப்பு: பென்சிலைத் தொடவேண்டாம்

ஒரே மூச்சில் வாசியுங்கள். முடிந்ததும் கொப்பியில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: கடைசியில் நீங்கள் யாரை நம்புகிறீர்கள்? காரணம் வேண்டாம். கந்தையாவை நம்பினால் “கந்தையா”, நம்பாவிட்டால் “கந்தையா இல்லை”. திகதியும் போடுங்கள். பிறகு இந்த வரியை அழிக்கக்கூடாது. இரண்டாம் வாசிப்பில் மனம் மாறினால், எந்த இடத்தில் மாறியது என்று பார்க்க இது வேண்டும்.

இரண்டாம் வாசிப்பு: கூப்பிடுகிற சொற்களைச் சுற்றுங்கள்

இப்போது பென்சில். ஒருவரை ஒருவர் கூப்பிடுகிற, சுட்டுகிற எல்லாச் சொற்களையும் சுற்றுங்கள். அக்கா, கந்தையா, மாமா, அவன், அவர், நீ, நீர், நீங்கள். நம்முடைய பேச்சில் இது பெரிய வசதி. முன்னிலையில் எங்களுக்கு மூன்று படி இருக்கிறது. “நீ” உரிமை அல்லது வயது. “நீங்கள்” மரியாதை. நடுவில் நிற்கிற “நீர்” தான் கள்ளச் சொல். அது சமமாகவும் இருக்கலாம், செல்லமாகவும் இருக்கலாம், ஒருவரை அரையடி தள்ளி நிறுத்துவதாகவும் இருக்கலாம். எது என்பதை முன்னுக்கு என்ன சொல் இருந்தது என்று பார்த்துத்தான் சொல்லமுடியும்.

இந்தக் கதையில் அம்மம்மா கந்தையாவுடன் நேரே கதைப்பது மூன்றே மூன்று வாக்கியம். முதலாவதில் “நீ சாப்பிட்டியே, கந்தையா?” பெயரும் உண்டு, நீயும் உண்டு. மாட்டைப் பற்றிக் கேட்காமல் சாப்பாட்டைக் கேட்கிறா. இரண்டாவது “அதுக்கு இப்ப என்ன அவசரம்.” இதில் ஆளைக் குறிக்கிற சொல்லே இல்லை. மூன்றாவது “நீர் இரும்.” வார்த்தை உபசாரம்தான். ஆனால் நீ போய் நீர் வந்துவிட்டது, பெயரையும் காணோம். எங்கள் ஊர் ஆச்சிமார் கோபத்தைச் சத்தமாகக் காட்டுவது குறைவு. மரியாதையைக் கூட்டிவிடுவார்கள்.

கடைசி வரியில் “அவனிட்டைக் குடு.” திரும்பவும் அவன். இந்த ஒரு சொல்லை எழுதாமல் வைத்து, “அவரிட்டைக் குடு” என்று மாற்றி வாசித்துப் பாருங்கள். கம்பி போகும், உறவு போகாது. சந்தேகமான சொல்லொன்று வந்தால் அதை மாற்றி வாசித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். மாற்றியும் கதை அசையவில்லை என்றால் அந்தச் சொல்லை விட்டுவிடலாம்.

மறந்துவிடாமல் இதையும் பாருங்கள்: கதை சொல்கிற பேரப் பெடியன் “எங்கள் சிவலை” என்கிறான், ஆனால் “ஒரு நாகு” என்கிறான். உரிமை கோராத சொல் அது. அம்மம்மா ஒரே கயிற்றோடு போகும் முன்பே அவன் வாக்கியத்தில் நாகு வெளியே நிற்கிறது.

கைமாற்றுத் தாள்

இதுதான் என் தொழில், அதனால் கொஞ்சம் நீட்டுவேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நான்கு கோடு போடுங்கள். என்ன பொருள், யாரிடமிருந்து யாருக்கு, கேட்டதா கேளாமல் வந்ததா, திரும்பியதா. கதையில் கைமாறுகிற ஒவ்வொன்றையும் எழுதுங்கள். காசு, நகை, சாவி மட்டுமென்று நினைக்கவேண்டாம். தேத்தண்ணி, செய்தி, பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, வாகனத்தில் ஓர் இடம், ஒரு ரகசியம், எல்லாம் சேர்த்திதான்.

சிவலை மாடு: கந்தையாவிடமிருந்து அம்மம்மாவுக்கு. கேளாமல் வந்தது. ஆனால் அது ஏற்கெனவே அவவின் மாடு, தொடையில் எழுத்து இருக்கிறது. ஆகவே இதைத் தாராளம் என்று பதியாதீர்கள். குறி இருந்த பொருளைக் குறிக்குரியவரிடம் கொடுத்தார், அவ்வளவுதான். அதேநேரம், காட்டுக்குள் நின்ற மாட்டைப் பிடித்துக் கட்டித் தீனி போட்டாரே, அந்தக் கடன் எதிர்ப்பக்கத்தில் ஏறியிருக்கிறது. அதை யாரும் வாயெடுக்கவில்லை. புதியவர்கள் அநேகமாகத் தவறவிடுகிற பதிவு இதுதான்.

நாகு: இதைத் தாளில் எங்கே எழுதுவது என்று பிள்ளைகள் கேட்டார்கள். எழுத முடியாது. அது தினமும் தானாகவே இந்தப் பக்கம் வருகிறது, இருட்டில் அந்தப் பக்கம் போகிறது. எங்கள் சங்கத்தில் இப்படிப்பட்டதை “நிலுவை” என்று தனிப் பக்கத்தில் வைப்போம். தாய் மாடு யாருடையதோ கன்றும் அவருடையது என்று ஒரு நியாயம். வளர்த்தவனுக்குக் கன்றில் பங்குண்டு என்று இன்னொரு நியாயம். மாட்டை வளர்ப்புக்குக் கொடுக்கிறவர்கள் முதலிலேயே பங்கு பேசிக்கொள்வார்கள். இங்கே ஒருவரும் பேசிக் கொடுக்கவில்லை, காலம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. காணிக்கு என்றால் உறுதிப் பத்திரம் இருக்கும், எடுத்துக் காட்டலாம். நாகுக்கு உறுதி ஏது?

விதைநெல்: இந்தக் கைமாற்று கதை தொடங்குமுன்பே நடந்தது. கதைக்குள் திரும்புவது மட்டும்தான் நடக்கிறது. அளவைப் பாருங்கள். புசல் என்கிற நெல்லளவு ஏறத்தாழ 21 கிலோ. மூட்டைக்கு மூன்று புசல் என்றும், ஏக்கருக்கு இரண்டு புசல் விதைப்பு என்றும் வைத்தால், அம்மம்மா கொடுத்தது மூன்று ஏக்கரின் விதை. சும்மா கைமாற்று இல்லை அது, ஒரு போகம். துண்டும் இல்லை, சாட்சியும் இல்லை. இடம்பெயர்வில் எல்லாம் போய்விட்டது என்று கந்தையா சொல்லியிருந்தால் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவர் திருப்பினார். இரண்டு வாங்கினார், இரண்டு தந்தார். வட்டிக்கு வாங்கிய நெல்லென்றால் மூட்டை கூடியிருக்கும்.

அப்படியானால் அம்மம்மாவுக்குச் சந்தோசமல்லவா வரவேண்டும்? ஏன் “என்ன அவசரம்”? கடன் மேசையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தவணைக்கு முன்பே ஓடி வந்து கடன் கட்டுபவர்கள் இரண்டு வகை. ஒருவகை, கைக்குக் காசு வந்தவர். மற்றவகை, இனி உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நிற்க விருப்பமில்லாதவர். நெல்லைத் தீர்த்துவிட்டால் நாகு தனிக் கணக்கு ஆகிவிடும் என்று கந்தையா நினைத்தாரோ? அல்லது நாகைப் பற்றி வாய் திறக்கமுடியாத வெட்கத்துக்கு நெல்லால் ஒரு மூடி போட்டாரோ? அம்மம்மா முதலாவதைத்தான் நினைத்திருக்கவேண்டும். நீர் என்ற சொல் அந்த இடத்தில்தான் விழுகிறது. கடன் திரும்பிய இடத்தில் உறவு கீழே இறங்குகிறது. கொடுத்தார், திருப்பினார், ஆகவே நம்பிக்கை வளர்ந்தது என்று கூட்டிப் போட்டால் விடை பிழைக்கும்.

தேத்தண்ணி: நீட்டப்பட்டது, எடுக்கப்படவில்லை. சின்னப் பதிவுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் தண்ணீர் கூடக் குடிக்காமல் போவது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

பொட்டு: இது கைமாறவில்லை, அடைக்காமல் விடப்பட்டது. புதுக் கதியால் போடுகிற மனிதனுக்கு ஒரு பொட்டை அடைக்கப் பத்து நிமிடம் போதும். அடைக்காமல் விட்டதையும் தாளில் ஏற்றுங்கள், கொடுத்த பக்கத்தில்.

கடைசியாகக் குறிக்கம்பி. இதை வாசித்த அன்று எங்கள் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. பிள்ளைகள் இருவரும், “நாகுக்கு அம்மம்மாவின் குறியைச் சுடப்போகிறார், நல்ல முடிவு” என்றார்கள். தையல்கார அக்கா சிரித்தா. “அந்தக் கம்பி கையிலை இருந்தால் காட்டுக்கை நிக்கிற கட்டாக்காலி எல்லாத்துக்கும் சுடலாம். பழி ஆருக்கு வரும்? எழுத்து ஆற்றையோ அவைக்கு.” யோசித்துப் பாருங்கள், அவ சொல்வது சரி. மாட்டைக் கொடுத்தால் ஒரு மாடு போகும். குறிக்கம்பியைக் கொடுப்பது, தொகை எழுதாத காசோலையில் கையெழுத்து வைத்துக் கொடுப்பது போன்றது. செத்துப்போன புருசனின் பெயரெழுத்து வேறு. இடம்பெயரும்போது கிணற்றடியில் அவ தாட்டு வைத்தது இதைத்தான். மாடு திரும்பக் கிடைக்குமா என்று தெரியமுன்பே, வந்த முதல் நாள் இதைத்தான் தோண்டி எடுத்தா. கதையில் கைமாறுகிற பொருட்களில் ஆக விலை கூடியது இதுதான், அதற்குச் சந்தையில் இரும்பு விலைகூட வராது. ஆகவே தாளில் இன்னொரு கோடு போடுங்கள்: இதைக் கொடுத்தால் கொடுத்தவர் எதையெல்லாம் இழக்கக்கூடும்?

கேட்காத கேள்விகள்

தொல்காப்பியத்தின் செய்யுளியலில் செய்யுளுக்கு 34 உறுப்புகள் சொல்லப்படுகின்றன. அவற்றில் கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம் என்பவை சிறுகதைக்கும் அப்படியே பொருந்தும். யார் சொல்கிறார், யார் கேட்கிறார், எங்கே, எப்போது, சொல்லாமல் எஞ்சி நிற்பது என்ன. வெளியிலிருந்து கருவி தேடுமுன் வீட்டிலிருக்கிற மண்வெட்டியைப் பாவிப்போம்.

எச்சத்தைப் பிடிக்க ஒரு எளிய வழி. கதையிலுள்ள கேள்விகளை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். மறுபக்கத்தில், அந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதர் கேட்டிருக்கக்கூடிய, ஆனால் கதையில் ஒருவரும் கேட்காத கேள்விகளை எழுதுங்கள். “நாகு எங்கடை தானே?” “இவ்வளவு நாள் என்ன தீனி போட்டாய்?” “ஏன் இருட்டிலை வந்து பிடிக்கிறாய்?” இரண்டாம் பக்கம் நீளமாக வந்தால் நல்ல கதை கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் “பயமா, வெட்கமா, நம்பிக்கையா, சோதனையா?” என்று போட்டுப் பாருங்கள். மௌனம் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும், உள்ளே இருப்பது வேறு வேறு. “கேட்டால் தருவான்” என்று அம்மம்மா சொல்வதைப் பெரும்பாலானோர் நம்பிக்கை என்று உடனே எழுதிவிடுவார்கள். அவ்வளவு நம்பிக்கை இருந்தால் கேட்டிருக்கலாமே? வயல் விதைக்கிற ஐயா இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். கேட்டு வாங்கினால் நாகு கிடைத்துவிடும், ஆனால் கேளாமல் இருந்திருந்தால் அவன் தந்திருப்பானா என்று சாகும்வரை தெரியாது. மனிசி அதைத் தெரிந்துகொள்ளத்தான் காத்திருக்கிறா. எனக்கு இது பிடித்தது. இப்படிப் பார்த்தால் அம்மம்மா நம்பிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஒரு நாகை முன்னால் வைத்துவிட்டு, கந்தையா என்ன செய்கிறார் என்று ஒரு போகம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறா.

மாட்டு விஷயத்தில் அவ வாய்விட்டுக் கேட்பது கதையில் ஒரே ஒருதரம்: “எந்த மாட்டுக்காம்?” அதற்கும் பதில் வரவில்லை. பதில் வராமலே கம்பியை எடுக்கப் போகிறா. சுளகு நின்றதற்கும் அவ எழும்பியதற்கும் இடையில்தான் முடிவு நடந்திருக்கவேண்டும், ஆனால் கதை அங்கே ஒரு வார்த்தையும் தரவில்லை. அந்த இடைவெளியைச் சுற்றிப் பெரிய வட்டம் போடுங்கள். உங்கள் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

காலத்தைக் கண்டுபிடியுங்கள்

வன்னிக் கதைகளுக்கு இந்தப் படி கட்டாயம். ஆண்டு எழுதியிருக்காவிட்டாலும் சின்னச் சாமான்களை வைத்துப் பிடிக்கலாம். “சாவியை உங்களிட்டைக் குடுத்திட்டுப் போறன்” என்ற ஒரே வாக்கியம் நான்கு காலத்தில் நான்கு எடை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு யாழ்ப்பாணத்துச் சனம் வன்னிக்கு வந்தபோது, வீடு கொடுத்தவர் யார், அண்டி வந்தவர் யார் என்பது தெளிவு. நம்பிக்கை விருந்தாளிக்கும் வீட்டுக்காரருக்கும் இடையிலானது. 2002இல் போர்நிறுத்தத்தோடு ஏ9 பாதை திறந்தபின் கொடுக்கிற சாவி, ஊர் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன் என்ற சாவி. 2008இல் சாவியை வாங்குபவரும் அடுத்த கிழமை மூட்டை கட்டவேண்டியவர்தான், இருவருக்கும் அது தெரியும். போர் முடிந்த 2009 மேக்குப் பிறகு மெனிக்பாம் போன்ற முகாம்களிலிருந்து ஆட்கள் கட்டம் கட்டமாகத் திரும்புகிறார்கள். முந்தித் திரும்பியவருக்குப் பிந்தித் திரும்பியவர் மேல் ஒரு பலம் இருக்கிறது. மூன்று மாதம் முந்தி வந்தவர் காட்டில் நின்ற மாட்டைப் பிடிக்கலாம், தகரம் பொறுக்கலாம், எல்லைக் கதியாலை அரையடி தள்ளியும் நடலாம்.

கந்தையா “மூன்று மாதம் முந்தித் திரும்பியவர்” என்பது ஆகவே சும்மா ஒரு தகவல் இல்லை. அந்த மூன்று மாதமும் அவர் யாரும் பார்க்காத மனிதர். அப்போது என்ன செய்தார் என்பதற்குக் கதையில் உள்ள ஒரே சாட்சி, வெறுந்தொடையோடு நிற்கும் நாகு. தன் குறியை அவர் அதற்குச் சுடவில்லை. சுட்டிருக்கலாம்.

களனைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. யார் யாருடைய வளவுக்குள் வருகிறார், யார் வேலியோடு நிற்கிறார் என்று ஒரு சின்னப் படம் கீறுங்கள், போதும்.

சொல்கிறவனை நம்பலாமா?

கதைசொல்லிக்கும் கணக்குப் பார்க்கவேண்டும். இங்கே சொல்வது பேரன். அவன் பார்த்ததைச் சொல்கிறான், காரணம் சொல்வதில்லை. இருட்டில் டோர்ச் அடிக்காமல் வருகிறவரைக் கண்டிருக்கிறான் என்றால் அவன் நித்திரை கொள்ளாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அம்மம்மாவும் முழித்திருந்தாவா? சொல்லவில்லை. “நான் கேக்கேல்லை” என்பது உண்மையா என்றுகூட ஒருமுறை சந்தேகப்படலாம். நான் நம்புகிறேன், கேளாமல் இருப்பதை அந்த வீட்டில்தான் அவன் பழகியிருக்கிறான். ஆனால் ரீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. எந்த மாட்டுக்கு என்று கேட்காமல் வருகிற பெடியன் உலகத்தில் இல்லை, அவனுக்குத் தெரியும், அம்மம்மா தானாக முடிவெடுக்கட்டும் என்று விட்டான் என்றார். அதற்கும் கதையில் இடமிருக்கிறது.

உங்கள் கணக்கைக் கதையோடு கலக்காதீர்கள்

தையல்கார அக்கா கந்தையாவை நம்பாததற்குக் காரணம் கதையில் மட்டும் இல்லை. அவ ஒருகாலத்தில் குழுவாக எடுக்கிற நுண்கடன் ஒன்றில் பெயர் கொடுத்தவ. ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் கட்டவேண்டும் என்ற ஒழுங்கு. தவணை நாளில் வாசலுக்கு வருவது கடன்காரன் மட்டுமில்லை, கூடக் கையெழுத்து வைத்த சிநேகிதிகளும்தான். அப்படி அடிபட்டவருக்குக் குறிக்கம்பி கைமாறும் இடத்தில் வயிறு எரியத்தான் செய்யும். அந்த எரிச்சல் அவவுக்கு ஒரு கண்ணைக் கொடுத்தது, கம்பியின் ஆபத்தை எங்களில் முதலில் கண்டவ அவதான். ஆனால் “கந்தையா கள்ளன்” என்று முடித்தபோது, பொட்டை அடைக்காததையும் வெறுந்தொடையையும் அவ தாளில் எழுதவில்லை. முதல் வாசிப்பில் எழுதிய ஒற்றை வரியை இப்போது எடுத்துப் பாருங்கள். அதில் எவ்வளவு கதையிலிருந்து வந்தது, எவ்வளவு உங்கள் வீட்டிலிருந்து வந்தது?

எழுதும்போது

ஒரு பக்கம் போதும். எல்லாவற்றையும் எழுதப்போகாதீர்கள். தாளில் இருப்பவற்றில் ஒரு முடிச்சை எடுத்து அவிழ்த்தால் சரி. புதியவர்கள் எழுதுவது இப்படி இருக்கும்: “கந்தையாவும் அம்மம்மாவும் அயலவர்களின் பரஸ்பர நம்பிக்கைக்கு எடுத்துக்காட்டாக விளங்குகின்றனர்.” எந்தக் கதைக்கும் ஒட்டலாம், ஆகவே எந்தக் கதைக்கும் ஒட்டாது. இதையே இப்படித் தொடங்கிப் பாருங்கள்:

“விதைநெல் திரும்பி வந்த அன்றுதான் அம்மம்மா கந்தையாவை ‘நீர்’ என்கிறா. கடன் தீர்ந்ததை அவ விலகலாக எடுத்துக்கொள்கிறா என்று இந்தச் சொல்மாற்றம் காட்டுகிறது. ஆகவே குறிக்கம்பியைக் கந்தையா கேட்பதை, தீர்ந்துபோன கணக்கை அவர் திரும்பத் திறப்பதாக வாசிக்கலாம். எந்த மாட்டுக்கு என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமலே அவ கம்பியைக் கொடுத்து, ‘அவன்’ என்ற பழைய சொல்லுக்குத் திரும்புகிறா.”

நான்கு வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் “எந்த வரியில்?” என்று கேட்டால் விரலை வைக்க இடமிருக்கிறது. பிறகு ஒரு பந்தி, எதிர் வாசிப்புக்கு: கம்பி ஏமாற்றுக்கும் போகலாம் என்பதை மறைக்காமல் எழுதி, ஏன் நீங்கள் அதைவிட இதை ஏற்கிறீர்கள் என்று சொல்லுங்கள். நம்பிக்கை, பாசம், விசுவாசம், துரோகம் என்ற சொற்களை முதல் பிரதியில் பாவிக்கவே வேண்டாம். அவை இல்லாமல் எழுதி முடித்துவிட்டு, தேவையான ஓரிடத்தில் மட்டும் போடுங்கள். பிள்ளைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு பிடிக்கவே பிடிக்காது. ஆனால் இரண்டாம் கட்டுரையில் வித்தியாசம் தெரியும்.

பயிற்சிக்கு அடுத்ததாக, நான்கு பக்கத்துக்கு மேற்படாத கதையாக எடுங்கள். அடைவு வைத்த சங்கிலி, சீட்டுக்காசு, தண்ணி முறை, பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்ட வீடு, இப்படி ஏதாவது பொருள் நடுவில் இருக்கிற கதை தொடக்கத்துக்கு லேசு. காதல் கதைகளைக் கொஞ்சம் பிந்தி வையுங்கள். அங்கே பொருள் குறைவு, பேச்சு கூட.

எங்கள் கூட்டத்தில் இந்தக் கதையை நான் முதலில் வாசித்தபோது குறி சுடுகிற ஆள் கார்த்திகையில் வருவதாக எழுதியிருந்தேன். வயல் விதைக்கிற ஐயா வாசிப்பை நிற்பாட்டிவிட்டார். மாரியிலை ஆரும் சுடுவினமோ, ஈரத்திலை புண் காயாது, புழு வைக்கும், பங்குனி வெயில்தான் சரி என்றார். மாற்றிவிட்டேன். கலைந்து போகும்போது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று இன்னொன்றும் சொன்னார். “கம்பியோடை நிப்பாட்டாதையும். சுட்ட புண்ணுக்கு ஒவ்வொரு நாளும் ஆர் வேப்பெண்ணெய் பூசினதெண்டு எழுதும். நாகு ஆற்றையெண்டு அப்ப தெரியும்.”

இன்னும் எழுதவில்லை.